கருவிக்கும் வேண்டும் பாயிரம்

வெளிமாநிலத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது மென்பொருள் வேலையில் இருக்கிறது. என்னம்மா செய்கிறாய் என்று கேட்டால், "ஏஜென்ட் படிக்கிறதுக்கு டாகுமெண்ட் எழுதுறேன்" என்று பதில் வருகிறது. பெற்றோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். இயந்திரம் படிப்பதற்காக மனிதன் உட்கார்ந்து எழுதுவதா, அதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்களா என்று நம் தலைமுறைக்குச் சந்தேகம் வருவது நியாயமே. அந்தச் சந்தேகத்தை இயன்றவரை போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத உமக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து, மும்பையில் நாற்பது ஆண்டுகளாக எவர்சில்வர் பாத்திர மொத்த வியாபாரம் செய்பவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வாடிக்கையாளர் வராத மத்தியான வேளையில் கல்லாவில் உட்கார்ந்து நன்னூல் உரைகளைப் படித்துப் பழகியவன். அதே கல்லாவில் உட்கார்ந்துதான், மகள் சொல்லிக்கொடுக்க, கணினி சங்கதிகளையும் படித்துக்கொண்டேன். இரண்டு படிப்பும் ஓரிடத்தில் வந்து முட்டின. அந்த இடத்தைத்தான் இங்கே விளக்கப்போகிறேன்.

ஏஜென்ட் என்பவர் யார்? முகவர் என்று எழுதலாம். ஏஜென்ட் என்றும் எழுதலாம். எப்படி எழுதினாலும் நமக்கு எல்.ஐ.சி. ஞாபகம்தான் வரும். இங்கே பேசப்படுவது வேறு. சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு மாடல்கள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதோடு நின்றன. ரயில் டிக்கெட் பற்றிப் பேசும், ஆனால் டிக்கெட் எடுக்காது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. "உனக்கு இன்னின்ன கருவிகள் இருக்கின்றன" என்று மாடலிடம் சொல்லிவைத்தால், "இந்தக் கருவியை இந்த விவரங்களோடு இயக்கு" என்று அது எழுதிக்கொடுக்கும். இயக்குவது நம் மென்பொருள். வந்த விடையை மாடலிடம் திருப்பிக் கொடுத்தால், அது படித்துப் பார்த்து அடுத்த அடியை எடுத்துவைக்கும். இப்படி அடிமேல் அடியாக ஒரு காரியத்தை முடிக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஏஜென்ட் என்று பெயர். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், யார் செய்த கருவியையும் எந்த மாடலும் பயன்படுத்தும்படி ஒரு பொது ஒழுங்கை வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி. என்பது அதன் பெயர். 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஏப்ரலில் கூகிளும் அதை ஏற்பதாக அறிவித்தன. போட்டிக் கம்பெனிகள் ஒரே அளவுகோலுக்கு இசைவது பாத்திரக் கடைத் தெருவில் நான் பார்த்திராத அதிசயம்.

சீட்டு மட்டுமே தெரியும்

இனிதான் முக்கியமான விஷயம். ஒரு கருவியைப் பற்றி மாடலுக்கு என்ன தெரியும்? கருவியின் பெயர். அது என்ன செய்யும் என்ற சிறு விளக்கம். அதற்குக் கொடுக்கவேண்டிய விவரங்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் எண்ணா எழுத்தா என்ற குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். இவற்றை ஜேசன் ஸ்கீமா என்ற ஒழுங்கில் எழுதிவைக்கிறார்கள். அவ்வளவுதான். கருவிக்குள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. அந்தச் சீட்டில் எழுதியிருப்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

நம் கடைக்குப் புதிதாக ஒரு குமாஸ்தா வந்தால் என்ன நடக்கிறது? முதல் நாள் திருதிருவென்று விழிப்பான். பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான். முதலாளி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வான். ஒரு மாதத்தில் யாரும் சொல்லாமலே நூறு விஷயங்களைப் பிடித்துக்கொள்வான். ஏஜென்ட் என்பது தினமும் காலையில் புதிதாக வேலைக்குச் சேரும் குமாஸ்தா. நேற்று கற்றதை யாராவது எழுதிவைத்திருந்தால் ஒழிய இன்று அதன் கையில் இல்லை. அதோடு இன்னொரு குணம் உண்டு. தெரியாத இடத்தில் மனிதன் தயங்குவான். மாடலோ பெரும்பாலும் தயங்காமல், இருப்பதற்குள் பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்பிவிட்டு மேலே போகும். அந்த நிரப்பலும் தெளிவான கையெழுத்தில் இருப்பதால் சந்தேகமே வராது.

மனிதனுக்காக எழுதும் விளக்கத்தில், புரியாவிட்டால் கேட்பான் என்ற நம்பிக்கை ஓசையில்லாமல் அடியில் இருக்கிறது. கடிகாரத்தோடு வரும் கையேடு முதல் வருமான வரிப் படிவத்தின் குறிப்புகள் வரை எல்லாமே அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஏஜென்டுக்கு எழுதும்போது அந்த அடித்தளம் இல்லை. புதுத் தொழில் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அலகு என்ற தொல்லை

எங்கள் கடை அனுபவத்தையே சொல்கிறேன். பில் போடும் மென்பொருளோடு ஒரு ஏஜென்டை இணைத்துப் பார்க்கலாம் என்று மகள் ஆரம்பித்தாள். மென்பொருளை விற்ற கம்பெனி கொடுத்திருந்த சீட்டில், கருவியின் பெயர் "புதுபில்". விளக்கம்: "பில் உருவாக்கும்". கொடுக்கவேண்டியவை: வாடிக்கையாளர், பொருள், அளவு, தேதி. இவ்வளவே. வாட்ஸப்பில் வந்த ஒரு பழைய ஆர்டரை எடுத்து வெள்ளோட்டம் விட்டோம். இரண்டரை டஜன் டம்ளர், நாற்பது கிலோ தாம்பாளம். ஏஜென்ட் "அளவு" என்ற இடத்தில் 2.5 என்றும் 40 என்றும் எழுதியது. பில்லில் இரண்டரை டம்ளரும் நாற்பது தாம்பாளமும் வந்தன. மென்பொருளுக்கு உள்ளே, அலகு சொல்லாவிட்டால் உருப்படிக் கணக்கு என்று ஒரு விதி இருந்திருக்கிறது. அது சீட்டில் இல்லை.

"தாம்பாளம் கிலோவுலதான்னு கடையில எல்லாருக்கும் தெரியுமேம்மா!" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும் அப்பா, இதுக்கு மட்டும் தெரியாது. எழுதினாத்தான் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் விளக்கம் எழுதுபவனுக்கு முதல் எதிரி. எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் எழுதுவதில்லை. எழுதாமல் விட்டது அடுத்த தலைமுறைக்கே போவதில்லை என்னும்போது இயந்திரத்துக்கு எப்படிப் போகும்?

அலகு விஷயத்தில் சரக்கு சேவை வரிக்காரர்கள் ஏற்கெனவே ஒரு நல்ல காரியம் செய்துவைத்திருக்கிறார்கள். 2017 ஜூலையில் அந்த வரி வந்தபோது, அளவுக்கான அலகுகளை மூன்றெழுத்துக் குறிகளாக நிர்ணயித்தார்கள். கிலோவுக்குக் கே.ஜி.எஸ்., எண்ணிக்கைக்கு என்.ஓ.எஸ்., டஜனுக்கு டி.ஓ.இசட்., செட்டுக்கு எஸ்.இ.டி. மகள் அதையே எடுத்துக்கொண்டாள். "அளவு" என்ற ஒரே இடத்தை "அளவு எண்", "அளவு அலகு" என இரண்டாகப் பிரித்தாள். அலகு இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று ஸ்கீமாவிலேயே பூட்டிவிட வசதி இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி: "வாடிக்கையாளர் அலகைச் சொல்லாவிட்டால் ஊகிக்காதே, கேட்டுத் தெரிந்துகொள்." பொருளின் பெயரிலும் இதே பாடுதான். நமக்கு டம்ளர், இந்திக்காரருக்குக் கிலாஸ், மராத்தியருக்குப் பேலா. மூன்றும் ஒன்றே என்று எழுதிவைத்து, மூன்றுக்கும் ஒரே பொருள் எண் கொடுத்தபிறகுதான் குழப்பம் தீர்ந்தது. பன்மொழி நகரத்தில் பிழைக்கிற நாம் இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கக்காரனைவிடத் தேர்ந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

பணத்தில் இது இன்னும் கூர்மையாகும். இணையவழிப் பணம் வாங்கித்தரும் ரேசர்பே போன்ற ஏற்பாடுகளில், தொகையை ரூபாயில் கொடுக்கக்கூடாது, பைசாவில் கொடுக்கவேண்டும். ஐந்நூறு ரூபாய் என்றால் 50000 என்று எழுதவேண்டும். அவர்கள் தங்கள் விளக்கத்தில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் ஒரு கருவியைச் செய்பவர் "தொகை" என்று மட்டும் எழுதிவிட்டால், ஏஜென்ட் 500 என்று எழுதி ஐந்து ரூபாய் வசூலித்துக்கொண்டு வரும். தேதியும் அப்படியே. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. மாடல் படித்துப் பழகிய எழுத்தில் இரண்டு வழக்கமும் கலந்துகிடக்கின்றன. எந்த வழக்கம் என்று சீட்டுதான் சொல்லவேண்டும்.

அலகால் வந்த கேட்டுக்கு உலகமறிந்த சான்று, செவ்வாய்க்கு அமெரிக்கா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம். 1998 டிசம்பரில் புறப்பட்டு, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு கணக்கில் எழுதியது; அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கு ஏறத்தாழ நாலரை மடங்கு வித்தியாசம். இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. எந்த அலகு என்று எழுதிய ஒப்பந்த ஆவணம் இருந்தது. அது நியூட்டன் என்றே சொன்னது. மென்பொருள் அதன்படி நடக்கவில்லை. ஆகவே எழுதிவைத்தால் மட்டும் போதாது. எழுத்தும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். பொய் சொல்லும் சீட்டு, சீட்டே இல்லாததைவிடக் கேடு.

பாயிரமும் காண்டிகையும்

இந்த இடத்தில்தான் எனக்கு நன்னூல் நினைவு வந்தது. எல்லாம் எங்கள் முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்டும் கட்டுரைகள் மலர்தோறும் ஒன்று வருகின்றன. இது அந்த வகை அல்ல. பவணந்தி முனிவருக்குக் கணினி தெரியாது. ஆனால், எழுதியவன் பக்கத்தில் இல்லாதபோது எழுத்து எப்படித் தனியாக நின்று பேசவேண்டும் என்ற கேள்வி அவருக்கும் இருந்தது, இந்தப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. கேள்வி ஒன்றானதால் விடைகளிலும் உறவு தெரிகிறது.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தியார் செய்தது நன்னூல். எழுத்திலக்கணம் தொடங்குமுன் நீண்ட பாயிரம் வைக்கிறார். எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலாகாது என்பது அவர் கட்சி. சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டிய செய்திகளில் நமக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நூலின் பெயர், எந்த நூலின் வழியில் வந்தது, வழங்கும் எல்லை, சொல்லவந்த பொருள், யார் கேட்பதற்கு, கேட்டால் என்ன பயன். ஒரு கருவியின் சீட்டில் இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள், பாதிக் குறை வெளியே வந்துவிடும். எல்லை என்று அவர் சொன்னது நிலப்பரப்பை. கருவிக்கு அதை வேறுவகையில் கொள்ளலாம்: இது உள்ளூர் பில்லுக்கா, வெளிமாநில பில்லுக்குமா? நடப்பு நிதியாண்டுக்கு மட்டுமா, பழைய கணக்குக்கும் போகுமா? எதற்குப் பயன்படும் என்பதைவிட எதற்குப் பயன்படாது என்பதை எழுதுவதில்தான் நம் ஆட்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். "ரொக்க விற்பனைக்கு இதைப் பயன்படுத்தாதே, அதற்கு வேறு கருவி இருக்கிறது" என்று ஒரு வரி இருந்தால், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு கருவிகளில் எதை எடுப்பது என்று ஏஜென்ட் திண்டாடாது.

பாயிரத்தைவிட எனக்குப் பொருத்தமாகப் பட்டது உரை பற்றிய பகுதி. சூத்திரம் என்பது சுருக்கம். உரையில்லாமல் வெறும் சூத்திரத்தை வைத்துக்கொண்டு யாரும் இலக்கணம் கற்றதில்லை. காண்டிகை உரை என்று ஒருவகை உண்டு. கருத்து, சொற்களின் பொருள், உதாரணம், வினா, விடை ஆகியவை அதில் இருக்கவேண்டும் என்பது இலக்கணம். மகள் எழுதிய திருத்திய சீட்டை வாங்கிப் பார்த்தேன். எதற்காக, எப்போது பயன்படுத்துவது என்று முதல் இரண்டு வரி: அது கருத்து. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு வரி: அது பதப்பொருள். வாட்ஸப் ஆர்டர் இப்படி வந்தால் கருவியை இப்படி இயக்கு என்று இரண்டு மாதிரிகள்: அது உதாரணம். இன்ன பிழை வந்தால் என்ன அர்த்தம், அப்போது என்ன செய்வது: அது வினா விடை. "அம்மா, நீ காண்டிகை எழுதியிருக்கிறாய்" என்றேன். ஏதோ திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே சொன்னவற்றில் உதாரணத்துக்கு உள்ள வலிமை தனி. பத்து வரியில் விதியாகச் சொல்லிப் புரியாதது ஒரு மாதிரியில் விளங்கிவிடுகிறது. மனிதனுக்கும் அப்படித்தான், மாடலுக்கும் அப்படித்தான். ஆனால் உதாரணம் விதியோடு மாறுபட்டால், மாடல் உதாரணத்தின் பின்னால் போய்விடுவதும் உண்டு. நன்னூலார் நூலின் குற்றங்களில் ஒன்றாக வைத்த மாறுகொளக் கூறல் இதுவே. குன்றக் கூறல் எப்படிக் கெடுக்கும் என்பதை டம்ளர் கணக்கில் பார்த்தோம். மிகைபடக் கூறலும் இங்கே காசு விஷயம். மாடல் எழுத்தைத் துணுக்குத் துணுக்காக நறுக்கிப் படிக்கிறது. துணுக்குக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு சமயத்தில் இவ்வளவுதான் படிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. ஐம்பது கருவிகளின் சீட்டுகளையும் ஒன்றாகத் திணித்தால், வேலை தொடங்குமுன்பே பாதிப் பலகை நிரம்பிவிடும். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிடத் துணுக்குகள் கூடுதலாக ஆகின்றன என்பது நமக்கு வருத்தம் தரும் உண்மை.

பெரிய கம்பெனிகளே இதைச் சின்னச் சின்ன அனுபவங்களிலிருந்துதான் கற்றிருக்கின்றன. நிரல்களைத் திருத்தும் ஒரு ஏஜென்டைச் செய்தபோது, மாடலுக்குச் சொல்லும் பொதுக் கட்டளைகளைவிடக் கருவிகளைச் செம்மையாக்குவதில்தான் அதிக நேரம் செலவிட்டோம் என்று ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதினார்கள். அதில் ஒரு சம்பவம். கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்வது. "எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு" என்பது போல. மற்றொன்று, பின்கோடு வரை முழு முகவரி. ஏஜென்ட் இடம் மாறியதும் எதிர்ச் சந்தும் மாறிப்போய்த் தவறு செய்தது. முழு முகவரியைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி கருவியையே மாற்றினார்கள்; தவறு நின்றுவிட்டது. 2025 செப்டம்பரில் இன்னொன்று எழுதினார்கள். இணையத்தில் தேடும் கருவியை வைத்திருந்த மாடல், தேடும் சொல்லோடு தேவையில்லாமல் 2025 என்ற ஆண்டையும் ஒட்டிக்கொண்டே இருந்தது. கருவியின் விளக்கத்தைத் திருத்தியபிறகு சரியாயிற்று. மாடலை மாற்றவில்லை, நிரலை மாற்றவில்லை, சில வாக்கியங்களைத்தான் மாற்றினார்கள் என்பதைக் கவனிக்கவும். எழுதத் தெரிந்தவனுக்கு இந்தத் தொழிலில் இடம் இருக்கிறது என்று நம் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதனால்தான்.

கணினி உலகத்துக்குள்ளேயே இதற்கு ஒரு நல்ல பழைய மரபு உண்டு. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலானோர் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த யுனிக்ஸ் அமைப்புக்கு 1971 நவம்பரில் முதல் கையேடு வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அச்சில் வார்த்த பக்கம். பெயர், இயக்கும் முறை, விளக்கம், தொடர்புள்ள கோப்புகள், பார்க்கவேண்டிய பிற பக்கங்கள் என்று தலைப்புகள். அவற்றோடு இன்னொரு தலைப்பு: பழுதுகள். இந்தக் கட்டளையில் இன்ன குறை இருக்கிறது என்று செய்தவர்களே எழுதிவைத்தார்கள். விற்கிற சரக்கின் ஓட்டையைத் தானே சொல்லும் வியாபாரி உண்டா? அவர்கள் அன்று விற்கவில்லை, தங்களுக்குள் பயன்படுத்தினார்கள். அதனால் உண்மை எழுத முடிந்தது. இன்று கம்பெனிகள் தரும் விளக்கங்களில் முதலில் காணாமல் போனது இந்தத் தலைப்புதான். ஏஜென்டுக்கு எழுதும்போது அது கட்டாயம் திரும்பி வரவேண்டும் என்பது என் கருத்து.

திரும்பப் பெற முடியாதவை

இதுவரை சொன்னது சரியாகச் செய்வது பற்றி. இதைவிடக் கனமான விஷயம், செய்தபின் மாற்ற முடியாதது எது என்பது. மின் விலைப்பட்டியல் என்கிற இ-இன்வாய்ஸ் நம் வியாபாரிகள் பலருக்குத் தெரியும். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்தால் ஒரு பதிவெண் வரும். தவறு என்றால் 24 மணி நேரத்துக்குள் அங்கேயே ரத்து செய்யலாம். அதற்குமேல் அங்கே ரத்து இல்லை, வரவுக்குறிப்புப் போடுவது போன்ற வேறு வழியில்தான் சரிக்கட்டவேண்டும். ரத்தான பில்லின் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. ஒரே பில்லை இரண்டாம் முறை அனுப்பினால், ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று தளம் திருப்பிவிடும்.

இங்கே ஏஜென்ட் எப்படி மாட்டிக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் தடவை அனுப்பியது பதிவாகிவிட்டது, ஆனால் நெட் மந்தமானதால் பதில் வந்து சேரவில்லை. மறுபடி அனுப்புகிறது. "இரட்டைப் பதிவு" என்று பிழை வருகிறது. காரியத்தை முடித்தே தீருவது என்ற உற்சாகத்தில், பில் எண்ணை மாற்றி அனுப்பினால் போய்விடும் என்று அது முடிவு செய்யலாம். போய்விடும்தான். ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டு வரி. அதனால் அந்தக் கருவியின் சீட்டில் மகள் எழுதியது: "இரட்டைப் பதிவு என்று வந்தால் எண்ணை மாற்றாதே, மறுபடி அனுப்பாதே. முன்பு பதிவானதைத் தேடி எடுத்து முதலாளிக்குக் காட்டு." பிழைச் செய்தியும் சீட்டின் ஒரு பகுதிதான். வெறுமனே "பிழை 400" என்று வந்தால் ஏஜென்டுக்கு அது சுவர். "தேதி நாள்/மாதம்/ஆண்டு வடிவில் இல்லை, உதாரணம் 05/11/2025" என்று வந்தால் அது வழி.

எம்.சி.பி. ஒழுங்கில் 2025 மார்ச் பதிப்பு முதல், ஒரு கருவி பார்ப்பதற்கு மட்டுமா, அழிக்கவும் செய்யுமா, இரண்டுதரம் இயக்கினாலும் பலன் ஒன்றேதானா என்று குறிப்பு வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். அவை குறிப்புகள்தாம், காவல் அல்ல. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், ஒரு தொழில்முனைவோரின் நடப்புத் தரவுகளை அழித்துவிட்டது. நிறுவனத் தலைவரே இது நடந்திருக்கக்கூடாது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, பரிசோதனைத் தரவையும் நடப்புத் தரவையும் பிரித்துவைக்க ஏற்பாடு செய்தார். ஆகவே எழுத்தின் வலிமையைப் பேசுகிற நானே சொல்கிறேன், அழிக்கும் கருவிக்குச் சீட்டு மட்டும் போதாது, பூட்டும் வேண்டும். எங்கள் கடையில் ரத்து செய்யும் கருவி, மனிதர் ஒருவர் கைப்பேசியில் அனுமதி கொடுத்தால்தான் ஓடும். சீட்டை மாடல் கட்டளைபோல நம்புவதால், கெட்ட எண்ணக்காரர்கள் வெளியாள் கருவிகளின் விளக்கத்துக்குள் ரகசியக் கட்டளையை ஒளித்துவைக்கும் ஆபத்தும் 2025-லேயே வெளிச்சத்துக்கு வந்தது. முன்பின் தெரியாதவர் செய்த கருவியை இணைக்குமுன் அதன் சீட்டை முழுக்கப் படியுங்கள்.

சீட்டு நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பொறியாளர்கள், நிஜமான வேலைகள் பலவற்றைக் கொடுத்து, ஏஜென்ட் எங்கே தடுமாறுகிறது என்று அதன் நடவடிக்கைக் குறிப்பை வரிவரியாகப் படிக்கிறார்கள். அது சரியான முறை. எங்களுக்கு இன்னொரு சுலபமான முறையும் கிடைத்தது. எங்கள் கணக்குப்பிள்ளைக்குக் கணினி என்றால் அலர்ஜி. சீட்டைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுத்து, "இதை மட்டும் வச்சுக்கிட்டு பில் போடணும்னா என்னென்ன கேட்பீங்க?" என்றாள் மகள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பில் போட்டா ஸ்டாக் தானாக் குறையுமா, நாமதான் குறைக்கணுமா? அது எழுதலையேம்மா." எழுதினாள். "ரெண்டு கடைக்கு ஒரே பேரு இருந்தா?" ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து அடையாளம் காண் என்று சேர்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, பழைய பாக்கி நிக்கிறவங்களுக்குப் போடலாமா கூடாதா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு மகளிடம் பதில் இல்லை. மென்பொருளிலும் இல்லை. நாற்பது வருஷமாக அது என் தலைக்குள் இருந்த கணக்கு. இன்னாருக்கு மூன்று மாதம் பொறுக்கலாம், இன்னாருக்கு ஒரு வாரம் கூடக் கூடாது, இன்னார் தீபாவளிக்கு முன் கட்டிவிடுவார் என்பதெல்லாம் எந்த நோட்டிலும் கிடையாது. மகள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொண்ணூறு நாளுக்கு மேல பாக்கி இருந்தா பில் போடாதே, என்னைக் கேள்" என்று எழுதச் சொன்னேன். விதிவிலக்காக ஆறு பேரின் பெயரைத் தனியாகச் சொன்னேன். அவற்றை மட்டும் சீட்டில் எழுதாமல், கணக்குப்பிள்ளையின் டைரியில் எழுதிவைத்துக்கொண்டோம்.